கூட உட்காருகிற வேலை

விக்கிரமசிங்கபுரத்துத் தனலட்சுமியிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "பேங்குல உக்காருதேன்" என்பாள். கேட்டவர்கள் முகத்தில் சட்டென்று ஒரு மரியாதை வரும். அவள் உட்காருவது கண்ணாடிக்கு உள்ளே இல்லை, வெளியே சுவரோரம் போட்டிருக்கும் பெஞ்சில் என்பதை அவள் சொல்ல மாட்டாள்.

இந்த வேலை ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஊரில் கிடையாது. பேங்கில் நகையை அடகு வைத்தவர்கள் வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, அதே நகையை அதே பையில் அடுத்த வருடத்துக்கு மாற்றி வைத்துக்கொள்வார்கள். சில நகைகள் பத்து வருடம்கூடப் பெட்டகத்தை விட்டு வெளியே வந்ததில்லை. பிறகு மேலேயிருந்து ஒரு உத்தரவு வந்தது என்றார்கள். வட்டி மட்டும் கட்டினால் போதாது. முதலையும் சேர்த்துக் கட்டி நகையை மீட்க வேண்டும். மறுநாள்தான் புதுக் கடனாக வைக்கலாம். அந்த ஒரே ஒரு நாளைக்கு மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று கையில் யார் வைத்திருக்கிறார்கள்?

அம்பாசமுத்திரத்தில் வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருக்கும் மகாராஜன் அண்ணாச்சி வைத்திருந்தார். நூறு ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். பணம் போகும்போது கூடவே தனலட்சுமியும் போவாள். பணத்தைக் கட்டி நகை வெளியே வந்த நேரத்திலிருந்து, மறுநாள் அதே நகை உள்ளே போய் அண்ணாச்சியின் பணம் அவர் கைக்குத் திரும்பும்வரை, நகையைவிட்டு அவள் அகலக் கூடாது. அதற்கு அவளுக்கு ஆளொன்றுக்கு அறுநூறு ரூபாய். அவள் நாணயத்துக்கு ஈடாக அவளுடைய மூன்று பவுன் சங்கிலி அண்ணாச்சியின் மேசை டிராயரில் இருந்தது. வீட்டில் இருந்த தங்கமே அவ்வளவுதான். கழுத்தில் தாலி மஞ்சள் கயிற்றில் கிடந்தது.

"ஊர்ல உள்ளவ நகைக்கெல்லாம் நீ காவலு. ஒன் நகைக்கு யாரு காவலு?" என்று அவள் புருஷன் பரமசிவன் கேட்பான். மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தவன். முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

"அண்ணாச்சி டிராயருக்குப் பூட்டு இருக்கு" என்பாள்.

"சாவி?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பிவிடுவாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்பாசமுத்திரம் ஆவுடைத்தாய் அம்மாவுக்காக அவள் நான்கு லட்சத்தைச் சோற்றுத் தூக்குச்சட்டியில் வைத்து மூடி, மேலே ஒரு முருங்கைக்கீரைக் கட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஆவுடைத்தாய்க்கு அறுபத்திரண்டு வயது. கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஐயம்பெருமாள் பிள்ளையின் மனைவி. அந்த அம்மா பதினான்கு பவுனை ஆறு வருடமாகப் பேங்கில் வைத்திருக்கிறாள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மகன் கார்த்திகேசன் செல்போன் கடை வைக்கப் பணம் கேட்டபோது, "ஒரு சல்லி கிடையாது" என்று ஐயம்பெருமாள் சொல்லிவிட்டார். தாய் மனசு கேட்கவில்லை. கடை ஒன்பது மாதத்தில் மூடிவிட்டது. நகை உள்ளேயே இருந்தது. நகையெல்லாம் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்று ஐயம்பெருமாள் நம்பிக்கொண்டிருந்தார். வருட வட்டியை ஆவுடைத்தாய் பின்கட்டு வாடகையில் மிச்சம் பிடித்துக் கட்டினாள்.

நாள் பார்த்தது ஆவுடைத்தாய்தான். "வெள்ளிக்கிழமை மீட்போம் தனம். வீட்டுக்குத் தங்கம் வாரது வெள்ளிக்கிழமையா இருக்கட்டுமே" என்றாள். தனலட்சுமிக்கும் அது சரி என்று பட்டது. செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது, தங்கம் உள்ளே வரலாம் என்று அவள் வீட்டிலும் பார்ப்பார்கள். நல்ல காரியம் என்று தலையாட்டியவள், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கவில்லை.

பணம் கட்டி முடிந்து, நகைப் பையை வாங்கி, அடகுச் சீட்டில் எழுதியிருந்தபடி ஆரம் ஒன்று, வளையல் ஆறு, சங்கிலி ஒன்று என்று எண்ணி முடித்துக் கிளம்பும்போது மணி மூன்றரை. வாசல் காவலாளி ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தான்.

"வாரேன் தம்பி. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கா? நாளைக்கு ரெண்டாம் சனில்லாக்கா. இனி திங்கக்கிழமதான்."

ஒரு நாள் இல்லை. மூன்று நாள். தனலட்சுமி அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

"ஏ தனம், காலண்டர்னு ஒண்ணு சுவத்துல தொங்குமே, பாத்திருக்கியா?" என்றார் மகாராஜன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழம தங்கம் வீட்டுக்கு வரட்டும்னு அந்த அம்மா ஆசப்பட்டாவ அண்ணாச்சி."

"தங்கம் வரட்டும். எம் பணம் என்னைக்கு வரும்? ஒரு நா வட்டி நாலாயிரம் தந்துட்டாவ. மிச்ச ரெண்டு நாளைக்கு எட்டாயிரம். அத யாரு தருவா? அந்த அம்மாளா, நாள் பாத்த நீயா?"

தனலட்சுமி நகைப் பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"சரி, அத அப்புறம் பாப்போம். இப்ப நாஞ் சொல்லுதத கேளு. நீ அவிய வீட்டுலயே இரி. பை ஒன் கண்ணு முன்னால இருக்கணும். திங்கக்கிழம மத்தியானத்துக்குள்ள எம் பணம் வரல்லன்னா மொதல்ல போறது ஒஞ் செயினு. அது நாலு லச்சத்துக்கு ஒரு மூலைக்குக் காணாது. மிச்சத்துக்கு நான் அந்த வீட்டுப் படி ஏறிருவேன்."

ஆவுடைத்தாய் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை. "அதுக்கென்ன, எங்க வீட்டுல வந்து இரி. கூழ்வடகம் போடணும்னு ஒரு ஆளு தேடிக்கிட்டு இருந்தேன். வடகத்துக்கு வந்த ஆளுன்னு சொல்லிக்கிடுவோம்" என்றாள். முதலிலேயே யோசித்து வைத்தது போல அது வந்தது. தனலட்சுமிக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வடகத்துக்கு வந்த ஆளை ஐயம்பெருமாள் கூண்டில் ஏற்றி விசாரித்தார்.

"எந்த ஊரு?"

"விக்கிரமசிங்கபுரம் ஐயா."

"ஊர்ல எங்கன?"

"மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல."

"அங்கேருந்து வடகம் புழியவா பஸ் ஏறி வந்த? ஏளா ஆவுட, அம்பாசமுத்திரத்துல ஒருத்திக்கும் கையில்லையா?"

"இவ கைப்பக்குவம் வராது" என்றாள் ஆவுடைத்தாய் அடுக்களையிலிருந்து.

வாழ்நாளில் மொத்தம் நான்கு தடவை வடகம் பிழிந்திருக்கும் தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

நகைப் பையை ஆவுடைத்தாய் பூசை அறை அலமாரியில் வைத்தாள். பூசை அறைக்குள் தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது தனலட்சுமிக்குத் தெரியும். யாரும் அதைச் சொல்லவும் இல்லை. அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்தால் அந்த அலமாரியின் ஒரு கதவு தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்தாள். அங்கேயே வெங்காயம் உரித்தாள். அங்கேயே முந்தானையை விரித்துப் படுத்தாள். ஆனால் வடகத்தை மொட்டைமாடியில்தானே காயப்போட வேண்டும்? சனிக்கிழமை காலையில் நாலு வரிசை பிழிவாள், எதற்காவது கீழே ஓடி வருவாள், அலமாரிக் கதவைப் பார்ப்பாள், மறுபடி ஏறுவாள்.

"தண்ணி தவிக்குது ஐயா" என்று முதல் தடவை சொன்னாள். இரண்டாவது தடவை உப்பு. மூன்றாவது தடவை துணி.

"இவளுக்கு மூணு தளம் கட்டிக் குடுத்தாலும் வடகம் முடியாது" என்றார் ஐயம்பெருமாள், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

தனலட்சுமி இப்படி அடுத்தவர் பணத்துக்காக ஓடுவது இது முதல் தடவை இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தெருவில் மகளிர் குழு ஆரம்பித்தார்கள். எட்டாவது வரை படித்திருந்ததால் அவளை ஊக்குநராகப் போட்டார்கள். அப்போது பேங்க் மேனேஜரே தெருவுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குழுக்களுக்கு இத்தனை கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவருக்கு மேலேயிருந்து சொல்லியிருந்தார்கள். "வாங்கிக்கிடுங்கம்மா, தயவு பண்ணி வாங்கிக்கிடுங்க" என்று அவர் கெஞ்சியதை இவள் இன்றும் நடித்துக் காட்டுவாள்.

அதற்குப் பிறகு வாரத் தவணைக்குக் கடன் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் பைக்கில் வந்தார்கள். பத்து பெண்களுக்கு ஒரு தலைவி. தலைவி கையெழுத்துப் போட்டால் பத்து பேருக்கும் பணம். எங்கோ ஆந்திராவில் பிரச்சினை என்று ஒரு நாள் பைக்குகள் நின்றன. அப்புறம் ஒருத்திக்கு இரண்டு கம்பெனிதான் கடன் கொடுக்கலாம் என்று விதி வந்தது; பெண்கள் ரேஷன் கார்டில் ஒரு கடனும் ஓட்டு அட்டையில் ஒரு கடனும் வாங்கினார்கள். கையெழுத்து இவளுடையது. பழைய நோட்டு செல்லாது என்று ஆன வருடம் நாலு பேர் கட்டவில்லை. வசூலுக்கு வந்த இரண்டு பையன்கள் அவர்கள் வீட்டுக்குப் போகாமல் இவள் வீட்டு வாசலில் நின்றார்கள். தெரு முழுக்கக் கேட்கும்படி, பேரைச் சொல்லி, தொகையைச் சொல்லிக் கத்தினார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்த சத்தம் அவள் காதில் இன்னமும் இருந்தது. எட்டு வாரம் அவள்தான் கட்டினாள்.

பிறகு கூட்டுறவு பேங்கில் ஐந்து பவுன் வரை தள்ளுபடி வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தன் பெயரில் ஐந்து, பரமசிவன் பெயரில் ஐந்து என்று மாமியார் நகையையும் சேர்த்து வைத்தாள். தள்ளுபடியும் வந்தது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு மொத்தமே ஐந்து பவுனுக்குள் இருந்தால்தான் என்று வந்தது. இவளுக்கு இரண்டும் இல்லாமல் போனது. ஒரு பேரில் மட்டும் வைத்த பக்கத்து வீட்டுக்காரி சும்மா மீட்டுக்கொண்டு போனாள். தனலட்சுமி ஏழு பவுனை விற்று மூன்று பவுனை மீட்டாள். அந்த மூன்றுதான் இப்போது அண்ணாச்சியின் டிராயரில் இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் மகள் சித்ரலேகா கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். மறுநாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே கேட்டாள்.

"அம்மா, இந்தத் தடவையாவது என் ஆரத்த எடுத்து வச்சியா? இல்ல, இதுக்கும் லாக்கர் சாவி காணாமப் போயிட்டா?"

"எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

தனலட்சுமி கையிலிருந்த கரண்டி கூழுக்குள் விழுந்தது.

ஆரம் ஐந்து பவுன். கல்யாணத்தின்போது மகளுக்குப் போட்டது. வாடகை வீட்டில் வைக்கப் பயந்து சித்ரலேகா தாயிடம் விட்டுப் போயிருந்தாள். அதையும் சேர்த்துத்தான் ஆவுடைத்தாய் அடகு வைத்திருக்கிறாள். தனலட்சுமிக்கு இது புதுச் செய்தி. அடகு நகை யாருடையது என்பது அவள் கேட்கிற கேள்வி இல்லை. அவளுக்குத் தேவை எண்ணிக்கையும் எடையும்தான். இப்போது எண்ணிக்கையில் ஒன்றை ஒருத்தி கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மிச்சப் பையைப் பூட்டிய அலமாரிக்குள் விட்டுவிட்டு, ஆரம் போகிற காரில் தனலட்சுமியும் ஏறினாள். ஐயம்பெருமாள் திரும்பிப் பார்த்தார். "கல்யாண வீட்டுல என்ன வடகம்?"

"கூட்டத்துல நமக்கு ஒரு கை வேணும்" என்றாள் ஆவுடைத்தாய்.

மண்டபத்தில் தனலட்சுமி மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை. ஒரு கழுத்தைப் பார்த்தாள். அது நாற்காலி வரிசைகளுக்கு நடுவே போனது. போட்டோ எடுக்கிற கூட்டத்துக்குள் போனது. யாரோ ஒரு அத்தை, "கல்லு வச்சதா, பதக்கம் புதுசா?" என்று ஆரத்தைக் கையால் தூக்கிப் பார்த்தபோது இவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பந்திக்குக் கூப்பிட்டார்கள். இலையில் உட்கார்ந்தால் வாசல் தெரியாது என்று அவள் போகவில்லை. தாலி கட்டி முடிந்த நெரிசலில் எல்லாரும் எழுந்தார்கள். உட்கார்ந்தபோது கழுத்தைக் காணோம்.

மாடியில் மணமகள் அறை, கீழே சாப்பாட்டுக்கூடம், பின்னால் கார் நிறுத்துமிடம், மறுபடி மாடி. அரைமணி நேரம். யாரைக் கேட்பது? என்னவென்று கேட்பது? கை கழுவும் இடத்தில் ஆவுடைத்தாயைப் பிடித்தாள்.

"எங்கம்மா ஒங்க மக?"

"கூடப் படிச்ச பிள்ளையளோட காப்பி குடிக்கப் போயிருக்கா. ஏன் இப்படி இரைக்குது ஒனக்கு?"

தனலட்சுமி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பேங்க் வாசலில் பார்த்த அதே அமைதி.

"அம்மா, ரெண்டாம் சனின்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடைத்தாய் அதை மூடவில்லை.

"தெரியும்" என்றாள். "ஆறு வருசமா அவ கேக்குதா தனம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பொய். போன தடவ, 'அம்மா, ஆரம் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு'ன்னு கேட்டா. ஒரு கல்யாணத்துக்கு அவ கழுத்துல அதப் பாத்துட்டா போதும்னு நெனச்சேன்."

"ஒங்களுக்குப் போதும். எஞ் செயினு?"

"நாளைக்கு எல்லாத்தையும் வச்சிருவோம். நான் சத்தியம் பண்ணுதேன்."

சித்ரலேகா மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. தனலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"கசகசன்னு இருந்துது. கழட்டிக் கைப்பையில வச்சிட்டேன்" என்று சித்ரலேகா தன் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா, இத நான் கொண்டு போறேன். இப்பத்தான் சொந்த வீடு ஆயிட்டே. அங்கேயே லாக்கரும் எடுத்திருக்கோம். ஒனக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"அது நல்ல யோசனை" என்றார் ஐயம்பெருமாள். "அவ பொருள் அவகிட்ட இருக்கட்டும்."

ஐந்து மணிக்குக் கோயம்புத்தூர் பஸ். எல்லாரும் காரில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். முன் சீட்டில் ஐயம்பெருமாள். பின்னால் தாயும் மகளும் தனலட்சுமியும். இப்போது ஆவுடைத்தாயின் அமைதி உடைந்திருந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பை சித்ரலேகாவின் மடியில் இருந்தது. தனலட்சுமியின் முழங்கை அதில் உரசிக்கொண்டே வந்தது.

பஸ்ஸில் ஏற இன்னும் பத்து நிமிடம். இப்போது சொன்னால் உண்டு. "இது அடகு நகை, எறக்கு" என்று ஒரு வார்த்தை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஐயம்பெருமாள் திரும்பிப் பார்ப்பார். அவள் வாய் திறந்தது. தன் வீட்டு எதிரே ஜன்னல்கள் திறந்த சத்தம் கேட்டது. வாய் மூடிக்கொண்டது.

பதிலாகக் கணக்குப் போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் கணக்கு அவளுக்குப் பாடமாகியிருந்தது. ஆரம் போனால் மிச்சம் ஒன்பது பவுன், எழுபத்திரண்டு கிராம். வளையலில் கல்லும் அரக்கும் கழித்தால் அறுபத்தொன்பது. போன வருடம் கிராமுக்கு என்ன கொடுத்தார்கள்? இந்த வருடம் தங்கம் எங்கோ போய்விட்டதே. வெள்ளிக்கிழமை நகை மதிப்பீட்டாளர் மேசையில் ஒட்டியிருந்த சீட்டில் ஆறாயிரத்து இருநூறு என்று எழுதியிருந்தது. அறுபத்தொன்பதை ஆறாயிரத்து இருநூறால் பெருக்கினால்...

செல்போனை எடுத்துப் பெருக்கினாள். நான்கு லட்சத்து இருபத்தேழாயிரத்து எண்ணூறு. மறுபடி பெருக்கினாள். அதேதான் வந்தது.

ஆரமே வேண்டாம். நான்கு லட்சமும் வரும், அண்ணாச்சியின் எட்டாயிரமும் வரும். பதினான்கு பவுன் வெளியே வந்தால் பதினான்கு பவுனும் உள்ளே போக வேண்டும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எந்தப் பை வெளியே வருகிறதோ அதே பையைத் திருப்பி வைத்தே எல்லாருக்கும் பழகிவிட்டது. அவளுக்கும்தான்.

நாளைக்கும் அதே விலை இருந்தால். அது மட்டும்தான் நெஞ்சில் குத்தியது.

"ஏறும்மா, பஸ்ஸு எடுக்கப் போறான்" என்றாள் தனலட்சுமி. ஆவுடைத்தாய் அவளை நம்பாமல் பார்த்தாள். பஸ் நகர்ந்தது. சித்ரலேகா ஜன்னலிலிருந்து கையசைத்தாள். தனலட்சுமியும் அசைத்தாள். அவள் கை தன்னையறியாமல் கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே இரண்டு பேரும் பேங்க் வாசலில் நின்றார்கள். ஷட்டர் ஏறியதும் தனலட்சுமி நேராக மதிப்பீட்டாளர் மேசைக்குப் போனாள். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு அவர் புதுச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.

"ஏன் சார் கொறஞ்சிட்டு?"

"தங்கம் எறங்கிருக்குல்லா. தலைமை ஆபீசுலேருந்து காலையில வந்துட்டு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து பெருக்கினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணை அமுக்கினாள். நான்கு லட்சத்து ஏழாயிரத்து நூறு. அறுபத்தொன்பது கிராம் நிற்க வேண்டும். ஒன்றரை கிராம் கூடுதலாகக் கழித்தால் நான்கு லட்சத்துக்குக் கீழே போய்விடும்.

மதிப்பீட்டாளர் வளையலை ஒவ்வொன்றாகக் கல்லில் உரசினார். தராசில் வைத்தார். கல்லுக்கு எவ்வளவு கழிப்பது என்று கண்ணைச் சுருக்கினார். ஆவுடைத்தாய் முருகனைக் கூப்பிட்டாள். தனலட்சுமி அந்த ஆளின் பேனா முனையைப் பார்த்தாள். அது 'நிகர எடை' என்ற கட்டத்துக்குப் போக நேரமானது. அவர் பேனாவை உதறினார், மை வரவில்லை, இன்னொரு பேனாவைத் தேடினார். அறுபத்தொன்பது என்று எழுதினார். பிறகு புள்ளி வைத்து ஒரு பூஜ்யம் போட்டார்.

அதற்குமேல் ஒரு காகிதம் வந்தது. 'இந்த நகைகள் அனைத்தும் எனக்குச் சொந்தமானவை' என்ற உறுதிமொழி. "பில்லு இருக்கா?" என்று கேட்டாள் உள்ளே இருந்த பெண் அதிகாரி.

"எங்கம்மா எனக்குப் போட்டது. அப்ப ஏது பில்லு?" என்றாள் ஆவுடைத்தாய்.

"அப்ப இதுல கையெழுத்துப் போடுங்க."

ஆவுடைத்தாய் ஆரத்தோடு வந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஆனால் இப்போது அவள் கை எங்கும் நிற்காமல் ஓடியது. தனலட்சுமி அதைக் கவனித்தாள்.

நான்கு லட்சத்து ஏழாயிரம். பணத்தைத் தூக்குச்சட்டியில் அடுக்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு மகாராஜன் கடைக்குப் போனாள். அண்ணாச்சி நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். வாழைத்தார் லாரி ஒன்று வாசலில் நின்றது.

"ஏழாயிரந்தான் இருக்கு. எட்டு வரணும்லா?"

"பேங்குல அவ்வளவுதான் நின்னுது அண்ணாச்சி."

"சரி. ஒன் அறுநூற அதுல கழிச்சுக்கிடுதேன். மிச்சம் நானூறு. அடுத்த ஆளுல பிடிச்சுக்கிடுதேன்."

மூன்று நாள் காவலுக்கு அவள் நானூறு ரூபாய் கடன்காரி ஆனாள். சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, எஞ் செயினக் கொஞ்சம் பாக்கணும்."

"பாரேன்." டிராயரைத் திறந்து காட்டினார். ரோஸ் நிறக் காகிதத்தில் சுற்றி அப்படியே இருந்தது. எடுக்கப் போன கையை அவர் சொன்ன அடுத்த வார்த்தை நிறுத்தியது.

"பேப்பர் பாத்தியா? அடுத்த ஏப்ரலுக்குள்ள புது விதி வருதாம். வட்டியக் கட்டுனா மாத்தி வைக்கலாம்னு பழையபடி ஆக்கப் போறாவன்னு பேசிக்கிடுதாவ. வந்துட்டுன்னா எம் பணத்துக்கும் வேலையில்ல, ஒனக்கும் வேலையில்ல. அதுவர ஓட்டுவோம். நாளைக்குச் சேரன்மாதேவியில ஒரு ஆளு இருக்கு, மூணு லச்சம்."

"நாளைக்குச் செவ்வாக்கிழம."

"பேங்கு தொறந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி, டிராயரைப் பூட்டிக்கொண்டே.

வீட்டுக்கு வந்தபோது பரமசிவன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "மூணு நாளா வடகமா புழிஞ்ச? எங்க, கைப்பக்குவத்தக் காட்டு."

ஆவுடைத்தாய் ஒரு பை நிறைய வடகம் கொடுத்துவிட்டிருந்தாள். பேங்க் வாசலில் அதைக் கையில் திணித்தபோது, "ராத்திரி அவுககிட்டச் சொல்லிரலாமான்னு பாக்கேன். ஆரந்தான் பத்திரமாப் போயிட்டே" என்றாள். சொல்லுவாளோ, மாட்டாளோ. அடுத்த வைகாசியில் அந்த ஒன்பது பவுனுக்கு யார் கூட உட்காருவார்களோ, அதுவும் தெரியாது.

பையைத் திறந்து பார்த்தாள். வடகம் இன்னும் ஈரமாக இருந்தது. மாடிக்கும் கீழுக்கும் அவள் ஓடியதில் திருப்பிப் போட ஆளில்லாமல் சரியாகக் காயவில்லை. அப்படியே விட்டால் நாளைக்குப் பூசணம் பிடித்துவிடும். ஒரு பழைய வேட்டியை ஓட்டுச் சரிவில் விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள். எதிர்வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இரண்டு காக்கைகள் வந்துவிட்டன.

தனலட்சுமி உள்ளே போய்க் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு குச்சியோடு வடகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த ஏப்ரல் வரை இரண்டாம் சனி, நாலாம் சனி எல்லாவற்றையும் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்தாள்.